கழுத்து ஒட்டிய கிற்றார்

கொன்ஸ்ரன்ரைனை எனக்கு முப்பத்தாறு வருடமாகத் தெரியும். அத்தனை வருடமும் நாங்கள் ஒரே விஷயத்துக்காகச் சண்டை பிடித்தோம். ஒரு மனிதனுக்கு ஆயுளில் ஒரு கிற்றார்தான் கிடைக்கும் என்றால் அது எந்த வகையாக இருக்க வேண்டும் என்பதுதான் சண்டை. அரசியலில், சாப்பாட்டில், பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்பதில்கூட எங்களுக்கு ஒத்துப்போகும். இதில் மட்டும் ஒத்துப்போகாது. அறுபது வயது தாண்டிய பிறகு ஒரு நாள் அவன் திடீரென்று என் பக்கம் வந்தான். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்து வெள்ளவத்தை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. எழுதினால் கொஞ்சம் குறையுமோ என்று பார்க்கிறேன்.

என் பெயர் சிவானந்தன். வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பைப்பும் தண்ணீர் திறக்கிற ரப்பும் விற்கிறேன். அந்தக் காலத்தில் வார இறுதிகளில் 'புளூ ஆங்கர்ஸ்' என்ற பாண்டில் பேஸ் கிற்றார் வாசித்தேன். கொன்ஸ்ரன்ரைன் அதில் லீட் கிற்றார். பகலில் அவனுக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை, வீடு கொட்டாஞ்சேனையில். கத்தோலிக்கக் கலியாணம் எங்கே நடந்தாலும் பைலா ஆட்டப் பாட்டு வாசிக்க நாங்கள் அங்கே இருப்போம். நீர்கொழும்பு, வத்தளை, மட்டக்குளி என்று வான் வண்டியில் ஏறாத சனிக்கிழமை இருந்ததில்லை. பிறகு ஒரு ஆள் ஒரு மடிக்கணினியோடு வந்து முழு பாண்டின் வேலையையும் செய்யத் தொடங்கினான். எங்களைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். 2019 இல் கடைசிக் கலியாணம். அதற்குப் பிறகு 'புளூ ஆங்கர்ஸ்' என்பது இரண்டு கிழவர்கள் ஒரு கூடத்தில் இருந்து தேத்தண்ணீர் குடிப்பதுதான்.

சண்டை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. மின்சாரக் கிற்றாரில் பழைய பெரிய வகைகள் இரண்டு உண்டு. ஒன்று ஸ்ட்ராட். பாரம் குறைவு, நெஞ்சோடு படிகிற மாதிரி வளைத்துச் செதுக்கியிருப்பார்கள், சத்தம் மெல்லிசாக மணிமணியாக விழும். அதன் கழுத்தை உடலோடு நான்கு ஸ்குரூ ஆணியால் பூட்டியிருப்பார்கள். பின்பக்கம் ஒரு சின்ன உருக்குத் தகடு, தகட்டின் நான்கு மூலையிலும் நான்கு ஆணி. அவற்றைக் கழற்றினால் கழுத்து தனியே கையோடு வந்துவிடும். மற்றது லெஸ் போல். நல்ல கனதியான மரம், தடித்த சத்தம், ஒரு சுரத்தைத் தொட்டால் அது போக மனமில்லாமல் நின்றுகொண்டிருக்கும். அதன் கழுத்தைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். கழற்றுவது என்ற பேச்சே இல்லை.

நான் லெஸ் போல் கட்சி. கொன்ஸ்ரன்ரைன் ஸ்ட்ராட் கட்சி. அவனிடம் இருந்தது யப்பானில் செய்த ஒரு பழைய ஸ்ட்ராட், துறைமுகத்தில் ஒரு கப்பல்காரனிடம் வாங்கியது. "பைலாவுக்குக் கம்பி கதைக்கணும் மச்சான், அதட்டக் கூடாது" என்பான். "உன்ட மற்றதெல்லாம் சாப்பாட்டு மேசையத் தோளில தூக்கிக்கிட்டு நிக்கிற மாதிரி" என்பான். வான் வண்டியில் போகும்போது தொடங்கினால் மண்டபத்தில் இறங்கும்வரை நடக்கும். அவனுடைய மனைவி ரஜனி சில வேளை எங்களோடு வருவாள். "இந்தக் கதைய மட்டும் நிப்பாட்டினா நான் கோயிலுக்கு மெழுகுதிரி ஏத்துவன்" என்று ஒருநாள் சொன்னாள். கடைசிவரை அவளுக்கு அந்த மெழுகுதிரி செலவு வரவில்லை.

ரஜனி 2021 இல் கொரோனாவில் போனாள். ஒரே மகள் டில்ஷானி கணவனும் ஒரு மகனுமாகக் கனடாவில், ஸ்காபரோவில். விமானம் இல்லாத நாட்கள் அவை. அவள் வர முடியவில்லை. தாயின் முகத்தைப் போனில்கூடக் காட்ட விடவில்லை. அதன் பிறகு தகப்பனும் மகளும் ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்குப் போனில் பேசுவார்கள். எப்படி இருக்கிறீங்க டடா, நல்லா இருக்கேன் மகள், சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். இவ்வளவுதான். ரஜனியைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கமாட்டார்கள். அதைத் தவிர அவர்களுக்கிடையில் வேறு விஷயமும் இல்லை. நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மூன்று நிமிடம் தாண்டாது. போனை வைத்த பிறகு அவன் அதை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருப்பான்.

2023 தொடக்கத்தில் ஒருநாள் அவன் பழைய கிற்றாரைச் சுவரிலிருந்து எடுத்தான். ரஜனி போனதிலிருந்து தொடாமல் மாட்டியிருந்தது. அது ஓதம் ஏறுகிற சுவர், பின்னால் பக்கத்து வீட்டுக் குழாய் போகிறது. கழுத்து திருகிப் போயிருந்தது, எந்தக் கட்டையில் அமத்தினாலும் கம்பி இரைந்தது. மருதானையில் ஒரு பழுது பார்க்கிறவனிடம் காட்டினோம். "மேக்க ஹதன்ன பே அய்யே", இதைத் திருத்த ஏலாது அண்ணே, என்று சிங்களத்தில் ஒரே பேச்சாகச் சொல்லி அதைத் திருப்பித் தந்துவிட்டான். அந்த நாட்களில் டொலர் இல்லை என்று எல்லாச் சாமானும் வருவதை நிறுத்தியிருந்தார்கள். கடைகளில் நல்ல கிற்றார் கண்ணில் காணக் கிடைக்கவில்லை.

அந்த ஞாயிறு அவன் மகளிடம் இதைச் சொன்னான். வேறு சொல்ல ஒன்றும் இல்லாததால் சொன்னான். அன்றைக்கு அவர்கள் இருபத்தைந்து நிமிடம் பேசினார்கள். தான் சின்னதில் அந்தக் கிற்றார்ப் பெட்டிக்குள் படுத்து நித்திரை கொண்டதை அவள் ஞாபகப்படுத்தினாள். இவன் சிரித்தான். போன் ஸ்பீக்கரில் கிடந்தது, நான் கூடத்துக் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "டடா, நான் ஒண்டு எடுத்துத் தாறன். இங்க எல்லாம் இருக்கு. எது வேணும் எண்டு மட்டும் சொல்லுங்க" என்றாள் டில்ஷானி.

எது வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவன் ஸ்ட்ராட் என்பான், நான் ஏசுவேன், கதை முடிந்துவிடும். ஆனால் அவன் உடனே சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றான். அடுத்த ஞாயிறும் யோசிக்கிறேன் என்றான். மகள் படங்கள் அனுப்பினாள், நிறங்கள் கேட்டாள், கடைக்காரனிடம் பேசிவிட்டு வந்து அவன் சொன்னதைச் சொன்னாள். ஆறரைக்குத் தொடங்கினால் ஏழு மணிச் செய்தி முடியும்வரை போகும். கொன்ஸ்ரன்ரைன் முகம் சவரம் செய்யத் தொடங்கினான்.

பிறகு ஒரு ஞாயிறு நானும் அங்கே இருந்தேன். டில்ஷானி சொன்னாள்: "டடா, உங்கட பழைய மாதிரி எண்டா ஈஸி. நெக்கக் கழட்டி சூட்கேசில வைக்கலாமாம். ஓகஸ்ற்ல எங்கட பில்டிங் அன்ரி ஒராள் வெள்ளவத்தைக்கு வாறா. அவவிட்ட குடுத்து விடுறன்."

வெளிநாட்டில் ஆள் இருக்கிற எங்கள் எல்லோருக்கும் இது தெரிந்த வழக்கம்தான். பால்மா, மருந்து, சப்பாத்து, கண்ணாடி எல்லாம் யாரோ ஒருவருடைய சூட்கேசில் வரும். வந்திறங்கியவர் போன் பண்ணுவார், நாம் போய் எடுத்துக்கொண்டு வருவோம். அனுப்பியவரை நாம் காண்பதில்லை.

கொன்ஸ்ரன்ரைன் போனை மடியிலிருந்து எடுத்து வாய்க்குக் கிட்டப் பிடித்தான். பிறகு, "அது வேணாம் மகள்" என்றான். "மற்றது வேணும். லெஸ் போல்."

நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன்.

"அது கழட்ட ஏலாது" என்று அவன் தொடர்ந்தான். "கழுத்து ஒட்டினது. சூட்கேசில வைக்க ஏலாது. முழுசாக் கையில தூக்கிக்கிட்டுத்தான் பிளேன்ல வரணும். தலைப்பக்கம் கெதியா உடைஞ்சிடும், வேற ஆக்கள நம்பிக் குடுக்க ஏலாது."

"அப்ப நான்தானே கொண்டு வரணும்" என்றாள்.

"ஓம் மகள். நீதான் கொண்டு வரணும்."

பிறகு அவள், "டிசம்பர்ல லீவு எடுக்க ஏலுமா எண்டு பாக்கிறன் டடா" என்றாள்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை, அதுதான் என் மூளை. பஸ்ஸில் வரும் வழி முழுக்க எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தேன். அடுத்த நாள் கடையில் முதலாளிக்குச் சொன்னேன், தேத்தண்ணீர்க் கடையில் சொன்னேன், பழைய ட்ரம்காரனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். கடைசியில் புத்தி வந்துவிட்டது அவனுக்கு என்றேன். இரண்டு நாள் கழித்துத்தான் அவனுடைய இடுப்பு, அந்த நாரி வருத்தம் ஞாபகம் வந்தது. மூன்று வருடமாக அவனுக்கு நாரியில் ஒரு எலும்பு விலகியிருக்கிறது. அகலமான பெல்ட் கட்டிக்கொண்டுதான் கதிரையால் எழும்புவான். அந்தக் கிற்றார் ஐந்து கிலோவுக்குக் கிட்ட வரும்.

சனிக்கிழமை நேரே போய்க் கேட்டேன். "உனக்கு விசரோ? பத்து நிமிசம் அதைத் தோளில போட்டா உன்னை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகோணும்."

"நான் அதத் தோளில போடப் போறன் எண்டு ஆர் சொன்ன?"

"அப்ப என்னத்துக்கு?"

அவன் சுவரில் பழைய கிற்றார் தொங்கிய அந்த வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கழட்டுற சாமான ஆரும் கொண்டு வருவாங்க மச்சான். கழட்ட ஏலாததக் கொண்டு வர அவ வரத்தானே வேணும்."

நான் வெளியே வந்து ஒழுங்கை முனையில் நின்று ஒரு சிகரெட் பிடித்தேன். என் மேல் எனக்கே ஆத்திரமாக இருந்தது. இத்தனை வருடம் பிடித்த சண்டையில் நான் ஒன்றும் வெல்லவில்லை. சத்தமும் மரமும் அவனுக்கு இனி ஒரு பொருட்டே இல்லை. பிள்ளை வீட்டு வாசலால் உள்ளே வருவதற்கு எந்தக் கிற்றார் உதவும் என்று அவன் கணக்குப் பார்த்திருக்கிறான். ஆறு வருடம் அவளைக் காணாத மனிதன் வேறு என்ன செய்வான்.

அதற்குப் பிறகு அவன் வீடு தயாராகத் தொடங்கியது. சாமான் எல்லாம் என் கடையில்தான் வாங்கினான். முதலில் குந்தியிருக்கிற பழைய கக்கூசை உடைத்துக் கொமட் வைத்தான். பிள்ளைக்குக் குந்த ஏலாது, பேரனுக்கு இது தெரியாது என்றான். பிறகு பின்னறை யன்னலுக்கு நுளம்பு கடிக்காமல் வலை. பிறகு குளியலறைக்கு ஒரு சுடுதண்ணீர் ஹீட்டர். கொட்டாஞ்சேனையில் பிறந்து குழாய்த் தண்ணீரில் குளித்து வளர்ந்த பெட்டை, கனடாவுக்குப் போய்ப் பழக்கம் மாறியிருக்கும் என்று அவனே முடிவு செய்துகொண்டான். "இப்ப பூட்ட வேணாம்" என்றான். "வாறதுக்கு முந்தின கிழமை பூட்டுவம். புதுசா இருக்கும்." ஹீட்டர் பெட்டி பிரிக்காமல் அலுமாரிக்கு மேல் ஏறியது.

டிசம்பரில் அவள் வரவில்லை. கணவனுக்கு வேலை மாறியது. ஏப்ரல் என்றாள். ஏப்ரலில் பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ இருந்தது. ஓகஸ்ற் என்றாள். நான் அவளைக் குறை சொல்லமாட்டேன், சொல்லவும் மனம் வரவில்லை. அங்கே அவளுக்கு இரண்டு வேலை. ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல் போன் எடுத்தாள். கிற்றார்க் கதையும் நடந்தது. சிவப்பா, மஞ்சளா, கறுப்பா என்று கேட்பாள். இவன் ஒரு வாரம் சிவப்பு என்பான், மறு வாரம் மாற்றுவான். நிறத்தைச் சொல்லி முடித்தால் பேச்சு முடிந்துவிடும் என்று அவனுக்குப் பயம். நான் பக்கத்தில் இருந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பேன்.

இனி நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும்.

2024 யூலையில் அவனுக்கு நாரி பிடித்துக்கொண்டது. நான்கு நாள் கட்டிலில் கிடந்தான். நான் சாப்பாடு கொண்டு போய்க் கொடுத்தேன். மகளுக்குச் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். எனக்குச் சத்தியத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. தகப்பன் கிடக்கிறான் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் ஓடி வரும்தானே. டில்ஷானிக்கு வட்ஸ்அப்பில் எழுதினேன்: 'பிள்ளை, அப்பாவுக்கு நாரி சரியில்லை. பெல்ட் கட்டிக்கொண்டுதான் நடக்கிறார். பாரம் தூக்கக் கூடாது. உனக்குச் சொல்லமாட்டார். கெதியா ஒருக்கா வந்து பார்.' அனுப்பிவிட்டு, நல்ல காரியம் செய்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடைக்குப் போனேன்.

அவள் உடனே பதில் போட்டாள். 'தேங்ஸ் அங்கிள். சொன்னது நல்லது.' அழுகிற ஒரு முகமும் போட்டிருந்தாள். நான் அவனுடைய ஹீட்டரைப் பூட்ட ஒரு பிளம்பர் பாஸைக்கூடப் பேசி வைத்துவிட்டேன்.

ஓகஸ்ற் கடைசியில் கொன்ஸ்ரன்ரைனுக்கு வெள்ளவத்தையிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் பெயர் சாந்தன். கனடாவிலிருந்து முந்தின நாள் வந்தவர். "உங்கட மகள் ஒரு பார்சல் தந்து விட்டவ. வந்து எடுக்கிறீங்களோ?" என்றார். கொன்ஸ்ரன்ரைன் என் கடைக்கு வந்தான். இரண்டு பேரும் நடந்து போனோம், கடற்கரைப் பக்கம் ஒரு மாடி வீடு. வழியில் அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தான்.

சாந்தன் நல்ல மனிதர். எங்களுக்கு மைலோ ஊற்றித் தந்தார். கூடத்தில் இரண்டு சூட்கேசும் திறந்து கிடந்தன, சவர்க்காரமும் சொக்லேற்றும் நிரம்பி. நடுவில் துவாயால் சுற்றிய ஒரு தட்டையான பொட்டலம். "இதுக்காக என்ர மனுசியின்ர ரெண்டு சப்பாத்தை விட்டிட்டு வந்தனான்" என்று சிரித்துக்கொண்டே அவிழ்த்தார். சிவப்பு நிற ஸ்ட்ராட்டின் உடல். கழுத்து இல்லை. கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சதுரப் பள்ளமும் நான்கு ஓட்டையும் இருந்தன.

கொன்ஸ்ரன்ரைன் அதைக் கையில் வாங்கினான். "பாரம் குறைவு" என்றான் சாந்தனிடம். "நல்ல சாமான். பெரிய உபகாரம் செஞ்சீங்க." அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்காதபடி மரியாதையாக மைலோவைக் குடித்து முடித்தான்.

அந்த ஞாயிறு டில்ஷானியே சொன்னாள். குரலில் அவ்வளவு சந்தோசம். "சப்றைஸ் டடா. அங்கிள் சொன்னவர் உங்களுக்கு பெயின் எண்டு. மற்றது வெயிட்டாம், கடைக்காரனும் வேணாமெண்டு சொன்னவன். இதெண்டா உங்கட பழைய மாதிரித்தானே. நெக் செப்ரெம்பர்ல வரும், ஒரு கெம்பஸ் பிள்ளை கொண்டு வருது. இனி நான் வாறவரைக்கும் நீங்க வெயிட் பண்ணத் தேவையில்ல."

இவன், "தேங்க்யூ மகள்" என்றான். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் செத்துப்போகலாம் போல இருந்தது. "நான்தானடாப்பா எழுதினனான்" என்றேன்.

"தெரியும்" என்றான். "நல்லதுக்குத்தானே எழுதின." அதற்கு மேல் இன்றுவரை அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

செப்ரெம்பரில் கழுத்து வந்தது. கெம்பஸில் படிக்கிற அந்தப் பிள்ளை கொட்டாஞ்சேனைக்கே கொண்டுவந்து, முச்சக்கர வண்டியை வாசலில் நிறுத்தி வைத்தபடியே கொடுத்துவிட்டுப் போனாள். புதுக் கம்பிகளும் இருந்தன. உருக்குத் தகடும் நான்கு ஆணியும் மட்டும் இல்லை. ஒவ்வொரு பார்சலைக் கட்டும்போதும் மற்றதில் போட்டோம் என்று டில்ஷானி நினைத்திருக்கிறாள். கேட்டபோது அவளுடைய சமையல் குசினி இழுப்பு லாச்சிக்குள் கிடந்தன. "ஐயோ சொறி டடா. நான் வரும்போது கொண்டு வாறன்" என்றாள்.

அந்த ஒரு வசனத்தை அவன் பிடித்துக்கொண்டான்.

நான் அடுத்த நாளே என் கடை லாச்சியிலிருந்து நான்கு ஆணி எடுத்தேன். அதே நீளம், அதே தடிப்பு. தகட்டுக்குப் பதிலாக நான்கு வொஷர் போட்டால் போதும். ஸ்குரூட்ரைவரும் எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனேன். உடல் அலுமாரிக்கு மேல், ஹீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. கழுத்து கதவு மூலையில் சாத்தியிருந்தது. நான் உடலை இறக்கிக் கட்டிலில் கவிழ்த்தேன். அவன் வந்து என் கையைப் பிடித்தான்.

"வை மச்சான்."

"அஞ்சு நிமிச வேலையடாப்பா. எந்தக் கடையிலும் கிடக்கிற ஆணி."

"தெரியும். உன்ட கடையில எத்தின பெட்டி இருக்கு எண்டும் தெரியும்." அவன் குரல் எழும்பவில்லை. "இத நீ பூட்டினா அவ வாறதுக்கு என்ன இருக்கு சொல்லு."

"நீ இருக்கிறாய்தானே" என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை. அது போதாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் அப்போதே தெரியும். ஆணிகளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஒரு வருடத்துக்கு மேல் அந்தக் கிற்றார் இரண்டு துண்டாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஆணிகளைப் பற்றி விசாரிப்பான். பத்திரமாக இருக்கா மகள், துருப்பிடிக்க விடாத, ஒரு சின்னப் பையில போட்டு வை. அவளும் முதலில் சிரித்தாள். பிறகு ஓம் டடா என்றாள். பிறகு ஓம் என்றாள். ஐந்து நிமிடம், நான்கு நிமிடம். ஒருமுறை அவள், "டடா, அங்க ஒரு ஸ்குரூகூடவா இல்ல?" என்று கேட்டாள். "இந்த சைஸ் இல்ல மகள்" என்றான். ஹார்ட்வெயார் கடையில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்கிற நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

போன மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவன் கடைக்கு வந்தான். நாரியில் பெல்ட். ஒரு தோளில் துணிப் பை, அதற்குள் கிற்றாரின் உடல். கக்கத்தில் பேப்பரில் சுற்றிய கழுத்து. மறுகையில் ஹீட்டர் பெட்டி. இவ்வளவையும் இரண்டு பஸ்ஸில் எப்படித் தூக்கி வந்தான் என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் கவுண்டரில் வைத்தான். கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு கடித உறை எடுத்தான். கனடா முத்திரை.

உள்ளே உருக்குத் தகடும் நான்கு ஆணியும் இருந்தன. ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பையில் போட்டு வாய் ஒட்டியிருந்தாள், துருப்பிடிக்காமல். கூடவே ஒரு துண்டுக் கடதாசி. பேரன் ஒரு கிற்றார் கீறியிருந்தான், அதற்குக் கீழே டில்ஷானி ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். டடா, எனக்கு இந்த வருடமும் வர முடியும் போலத் தெரியவில்லை. இதற்காகவாவது நீங்கள் காத்துக்கொண்டிருக்க வேண்டாம். வாசித்து ஒன்று அனுப்புங்கள், இவனுக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

நான் இரண்டு தடவை படித்தேன். நல்ல பிள்ளை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கோபப்பட ஒருவரும் இல்லை.

"பூட்டித் தா" என்றான்.

கவுண்டரில் கிடந்த குழாய் வளைவுகளை ஒதுக்கிவிட்டுப் பூட்டினேன். கழுத்து பள்ளத்தில் இறுக்கமாக இருந்தது. தகட்டை வைத்து நான்கு மூலையிலும் ஆணியை இறக்கினேன். வாங்க வந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். கம்பி போட்டுச் சுருதி சேர்த்துக் கொடுத்தேன். அவன் ஸ்ரூலில் இருந்து, அம்பிளிபயர் எதுவும் இல்லாமல், பழைய கலியாண வீடுகளில் மாப்பிள்ளை பொம்பிளை உள்ளே வரும்போது வாசிப்பானே, அந்த நாலு வரியை வாசித்தான். விரல்கள் பிந்தின. ஒரு இடத்தில் நின்று, மறந்து, திரும்பத் தொடங்கினான். நான் என் போனில் அதைப் பதிவு செய்து டில்ஷானிக்கு அனுப்பினேன். அங்கே அவர்கள் நித்திரை.

"எது நல்லது மச்சான்?" என்று கேட்டான். "இதா, மற்றதா?"

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, "இதுதான்" என்றேன்.

"பொய் சொல்லாத" என்றான். கிற்றாரைத் துணிப் பையில் போட்டு வாயைக் கட்டினான். பிறகு ஹீட்டர் பெட்டியை என் பக்கம் தள்ளினான். பிரிக்கவில்லை, பில்லும் மேலே ஒட்டியிருக்கிறது என்றான். "திருப்பி எடுப்பீங்களா?"

என் தலைக்கு மேலே பலகை தொங்குகிறது. விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று மூன்று மொழியில் எழுதி, முதலாளி போன வருடம்தான் புதிதாகப் பெயின்ற் அடித்தார். கொன்ஸ்ரன்ரைனுக்கும் அது தெரியும், அதற்குக் கீழே நின்றுதான் கேட்டான். எடுப்போம் என்றேன்.